சி டிரைவ் சிவப்பானால்: வீட்டுக் கணினியில் மிச்சம் மீதியைக் களையும் வழி

எங்கள் குடும்பத்தில் கணினி மக்கர் செய்தால் எனக்குத்தான் போன் வரும். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்து வரும். போன மாதம் சித்தப்பா கூப்பிட்டார். “தம்பி, சி டிரைவ் ஃபுல்லுன்னு காட்டுது. நெட்ல பாத்து மூணு கிளீனர் போட்டேன். இப்ப முன்னவிட மோசமா இருக்குப்பா.”

அந்த மூன்றில் ஒன்று, கணினியில் ஆயிரக்கணக்கான கோளாறுகள் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் பயமுறுத்திவிட்டு, சரிசெய்யப் பணம் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்று போகிற போக்கில் பிரவுசரின் முகப்புப் பக்கத்தை மாற்றியிருந்தது. குப்பை அள்ள வந்தவர்களே குப்பையானதுதான் மிச்சம். அன்று ஒன்றரை மணி நேரம் போனிலேயே சரிசெய்ததை, என்ன தெரிந்தால் என்ன செய்வது என்ற வரிசையில் எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மெனுவின் பெயர்கள் இங்கே அங்கே கொஞ்சம் மாறும்.

தொடங்கும் முன் இரண்டு வேலை. போட்டோக்கள், டேலி கணக்கு வைத்திருந்தால் அதன் டேட்டா ஃபோல்டர், இவற்றை வெளி ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ ஒரு நகல் எடுத்துவிடுங்கள். அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் ‘ரீஸ்டோர் பாயின்ட்’ என்று தேடி, சிஸ்டம் புரொடெக்‌ஷன் சி டிரைவுக்கு ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பல கணினிகளில் ஆஃப் ஆகத்தான் கிடக்கும். ஆன் செய்து ஒரு பாயின்ட் உருவாக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஏதாவது கெட்டுப்போனால் விண்டோஸை அந்த நிலைக்கே திருப்பிக்கொள்ளலாம்.

சி டிரைவ் சிவப்புப் பட்டையில் நிற்கிறது

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். 256 ஜிபி எஸ்எஸ்டி என்று வாங்கியது 238 ஜிபி என்று காட்டினால், யாரும் உங்களை ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024-இன் மடங்குகளில் கணக்கிடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இடத்தை எது தின்கிறது என்று தெரியாமல் எதையும் அழிக்கக் கூடாது. சித்தப்பா செய்த தவறு அதுதான். டவுன்லோட்ஸில் இருந்த பிடிஎஃப்களை ஒவ்வொன்றாக அழித்து அரை ஜிபி மிச்சம் பிடித்திருந்தார், பாவம். அளந்து பார்க்க விஸ்ட்ரீ என்ற இலவச நிரல் போதும். என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான கோப்பு அமைப்பு) டிரைவின் கோப்புப் பட்டியலை அது நேரடியாகப் படிப்பதால் சில நொடிகளில் பெரியது முதல் சிறியது வரை வரிசைப்படுத்திக் காட்டிவிடும். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே விளம்பரமாக வரும் இணைப்பு வேண்டாம். எதையும் நிறுவ விருப்பமில்லையா, செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் விண்டோஸே ஓரளவு பிரித்துக் காட்டும்.

சித்தப்பா கணினியில் விஸ்ட்ரீயை ஓடவிட்டதும் முதல் வரியிலேயே குற்றவாளி சிக்கிவிட்டான். மொபைல்சிங்க் என்ற ஃபோல்டருக்குள் பேக்கப் என்று ஒன்று, 61 ஜிபி. தங்கை இரண்டு வருடத்துக்கு முன்னால் தன் ஐபோனை அந்தக் கணினியில் செருகி ஐடியூன்ஸில் பேக்கப் எடுத்திருக்கிறாள். போன் மாறிவிட்டது, பேக்கப் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. கிளீனர்கள் மூன்றும் இதைத் தொடக்கூட இல்லை. அவற்றின் கணக்கில் இது குப்பையே அல்ல. அவளிடம் கேட்டுக்கொண்டு, ஐடியூன்ஸின் பிரிஃபரன்சஸில் டிவைசஸ் பகுதிக்குப் போய் அழித்தோம். ஃபோல்டரை நேரடியாக அழிப்பதைவிட, உண்டாக்கிய நிரலின் வழியாகவே அழிப்பது நல்லது.

எல்லார் வீட்டிலும் ஐபோன் பேக்கப் இருக்காது. அடிக்கடி நான் பார்க்கும் மற்றவை இவை.

விண்டோஸ் டாட் ஓல்ட் என்ற ஃபோல்டர். பெரிய அப்டேட் வந்தபின் பழைய விண்டோஸை இப்படி வைத்திருக்கும், 20 ஜிபி கூட ஆகலாம். வழக்கமாகப் பத்து நாள் கழித்துத் தானே அழிந்துவிடும். அவசரம் என்றால் ஸ்டோரேஜ் பக்கத்தில் டெம்பரரி ஃபைல்ஸைத் திறந்து, ‘பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’ என்பதை டிக் செய்து நீக்குங்கள். நீக்கினால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது.

அதே பக்கத்தில் டெலிவரி ஆப்டிமைசேஷன், தம்ப்நெயில்ஸ், டெம்பரரி ஃபைல்ஸ் என்றிருப்பவற்றைத் தாராளமாக நீக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி இருக்கும். அதை டிக் செய்தால் உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரே காலியாகிவிடும். ஆதார் பிடிஎஃப், பிள்ளைகளின் மார்க் ஷீட், எல்லாமே அங்கேதான் கிடக்கிறது பெரும்பாலானவர்களுக்கு. அந்த ஒரு வரியை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பாருங்கள்.

அப்டேட்டுகளின் மிச்சத்துக்கு டிஸ்க் கிளீனப் என்ற பழைய கருவியே போதும். ஸ்டார்ட்டில் தேடித் திறந்து, ‘கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ பொத்தானை அழுத்தினால் ‘விண்டோஸ் அப்டேட் கிளீனப்’ என்ற வரி வரும். இது முடிய நேரம் எடுக்கும். நடுவில் நிறுத்த வேண்டாம்.

விஸ்ட்ரீயில் ஹைபர்ஃபில் என்ற பெயரில் சில ஜிபி தெரிந்தால், அது ஹைபர்னேட் செய்யும்போது நினைவகத்தை எழுதி வைக்கும் ஃபைல். விண்டோஸ் வழக்கமாக ராமின் அளவில் 40 சதவீதம் இதற்கு ஒதுக்கும். 8 ஜிபி ராம் என்றால் 3.2 ஜிபி. மேசைக் கணினியில் ஹைபர்னேட் பயன்படுத்தாதவர்கள் இதைக் கைவிடலாம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, போனில் சொல்வதுபோல எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன்: பவர் என்ற ஆங்கிலச் சொல், அதோடு ஒட்டி சி, எஃப், ஜி, ஒரு இடைவெளி, முன்சாய்ந்த கோடு, ஒட்டி எச், ஒரு இடைவெளி, ஆஃப். என்டர். ஃபைல் காணாமல் போய்விடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியும் சேர்ந்தே போகும். லேப்டாப்பில் நான் இதைச் செய்வதில்லை.

டெம்ப் ஃபோல்டர் கடைசி. கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு வாருங்கள். அரைகுறையாக நிற்கும் ஏதாவது இன்ஸ்டாலர் தனக்கு வேண்டியதை அங்கே வைத்திருக்கலாம், அது முடிந்துவிடட்டும். பிறகு விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் டெம்ப் என்ற ஆங்கிலச் சொல்லை இருபுறமும் சதவீதக் குறி வைத்து எழுதி என்டர் தட்டுங்கள். உள்ளே இருப்பதை எல்லாம் தேர்ந்தெடுத்து அழிக்கலாம். ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொன்னால் ஸ்கிப் கொடுத்து நகர்ந்துவிடுங்கள், அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கை வைக்கக் கூடாதவையும் உண்டு. வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் பூதம் மாதிரி பெரிதாகத் தெரியும். ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் பெயர் பெற்றிருப்பதால் கணக்கு ஊதிக் காட்டுகிறது. மேலே சொன்ன டிஸ்க் கிளீனப் தவிர வேறு வழியில் தொடாதீர்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் என்ற மறைவு ஃபோல்டரும் அப்படித்தான். அதை அழித்தால் அன்று ஒன்றும் ஆகாது. ஆறு மாதம் கழித்து ஒரு நிரலை அப்டேட் செய்யவோ நீக்கவோ போகும்போது முடியாது என்று நிற்கும். ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ்ஃபைல், அதன் பாட்டுக்கு இருக்கட்டும். சி டிரைவில் ஐநெட்பப் என்று ஒரு காலி ஃபோல்டர் திடீரென்று முளைத்திருந்தால் அது வைரஸ் இல்லை. 2025 ஏப்ரல் அப்டேட் பாதுகாப்புக்காக உண்டாக்கியது. அழிக்க வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது.

மூலையில் விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது

“உங்கள் கணினியில் 5 வைரஸ்” என்று வலது கீழ்மூலையில் பெட்டி எழும்பும். சித்தி பயந்துபோய் மெயின் சுவிட்சையே அணைத்திருக்கிறார். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை இதற்குக் காரணம் வைரஸும் இல்லை, நிரலும் இல்லை. ஏதோ ஒரு தளத்தில் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோவ் அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கும், யாரோ அழுத்தியிருப்பார்கள். அது நோட்டிஃபிகேஷனுக்குக் கொடுத்த அனுமதி.

பெட்டியை மூடும் முன் உற்றுப் பாருங்கள். சிறிய எழுத்தில் பிரவுசரின் பெயரும் ஒரு தளத்தின் முகவரியும் இருக்கும். அந்த முகவரிதான் துப்பு. க்ரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் அந்த முகவரியைத் தேடி, பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி பிளாக் கொடுங்கள். சித்தப்பா பட்டியலில் பதினேழு இருந்தன. மெயிலையும் ஒரு செய்தித் தளத்தையும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் தடுத்தோம். எட்ஜிலும் கிட்டத்தட்ட இதே இடம்தான். ஒரு பிரவுசரில் சரிசெய்துவிட்டு மற்றதை மறந்துவிடாதீர்கள்.

பிரவுசரைத் திறந்தாலே தெரியாத தேடல் பக்கம் வருகிறதென்றால் கதை வேறு. எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் உங்களுக்குத் தெரியாததை நீக்குங்கள். நீக்கும் பொத்தானே இல்லாமல், மூன்று புள்ளி மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறதா? அலுவலகம் கொடுத்த கணினி என்றால் அது இயல்பு. சொந்த வீட்டுக் கணினியில் எந்த நிறுவனம்? பல சமயம் அது ஒரு வேண்டாத நிரல் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் இடம்) எழுதிவைத்த பாலிசி, அதாவது கட்டாய விதி. சில ஆன்டிவைரஸ்களும் அப்படி எழுதிவைப்பதுண்டு. மால்வேர்பைட்ஸ் தரும் ஆட்வ்கிளீனரை இறக்கி ஓடவிட்டால் இந்த மாதிரிப் பாலிசிகளைக் கண்டுபிடித்து நீக்கும். இலவசம், நிறுவவும் தேவையில்லை. எக்ஸ்டென்ஷனும் சுத்தம், பாலிசியும் இல்லை, ஆனாலும் அதே பக்கம்தான் வருகிறதா? டெஸ்க்டாப்பில் உள்ள க்ரோம் ஐகானை வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டார்கெட் வரியின் கடைசிக்குப் போங்கள். க்ரோம் டாட் இஎக்ஸ்இ என்று முடிந்து மேற்கோள் குறியோடு நிற்க வேண்டும். அதற்கப்பால் ஒரு வலை முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் அதை மட்டும் அழித்து ஓகே கொடுங்கள். இந்த இடத்தைப் பார்க்க யாருக்கும் தோன்றுவதே இல்லை.

நீக்கினாலும் போக மாட்டேன் என்கிறது

செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்ததும், நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாள் நினைவிருந்தால் அந்தத் தேதியில் எவை வந்தன என்று பாருங்கள். வேண்டாத நிரல் பெரும்பாலும் தனியாக வராது; இலவச வீடியோ கன்வர்ட்டர் ஒன்றோடு நாலு பேர் கைகோத்து வந்திருப்பார்கள். நீக்கும்போது வரும் பெட்டியை வாசித்து அழுத்துங்கள். ‘வைத்துக்கொள்’ என்பது பெரிய பச்சைப் பொத்தானாகவும், ‘நீக்கு’ என்பது ஓரத்தில் சாம்பல் நிற எழுத்தாகவும் இருக்கும்.

பட்டியலில் பெயர் இருக்கிறது, அன்இன்ஸ்டால் கொடுத்தால் ஏதோ பிழை சொல்லி நிற்கிறது என்றால், யாரோ அந்த ஃபோல்டரைக் கையால் அழித்திருப்பார்கள். நீக்கும் நிரலும் அந்த ஃபோல்டரோடு போயிருக்கும். எளிய வழி, அதே நிரலின் அதே பதிப்பைத் திரும்ப நிறுவி, பிறகு முறையாக நீக்குவது. சுற்றி வளைத்துப் போவதாகத் தோன்றும், ஆனால் எனக்குப் பெரும்பாலும் கைகொடுப்பது இதுதான். பதிப்பு கிடைக்கவில்லையா, நிறுவுவதற்கும் நீக்குவதற்குமான டிரபிள்ஷூட்டர் ஒன்றை மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது. அதில் அன்இன்ஸ்டாலிங் என்பதைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் நிரலைக் காட்டினால் ரெஜிஸ்ட்ரியில் உள்ள பழைய பதிவைக் கழற்றிவிடும்.

சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலையில், விண்டோஸைத் திறந்து நீக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை வழியாக நிறுவப்படும் எம்எஸ்ஐ வகை நிரல்களுக்கு அது ஆகாது, ஏனென்றால் அந்தச் சேவை சேஃப் மோடில் வழக்கமாக ஓடாது. வீணாக ரீஸ்டார்ட் செய்துகொண்டிருக்க வேண்டாம்.

ஆன்டிவைரஸ் மட்டும் தனி ஜாதி. லேப்டாப்போடு வந்த சோதனைப் பதிப்பு காலாவதியாகி, தினம் ஒரு தடவை காசு கேட்கும். நீக்கினாலும் அதன் டிரைவர்கள் சில ஒட்டிக்கொண்டிருக்கும். மெக்கஃபி, நார்ட்டன், அவாஸ்ட், காஸ்பர்ஸ்கி, இஎஸ்இடி ஆகிய எல்லாரும் தங்கள் பொருளை அடியோடு நீக்கத் தனிக் கருவி வைத்திருக்கிறார்கள். அந்தந்தக் கம்பெனியின் தளத்திலேயே கிடைக்கும். முதலில் சாதாரணமாக நீக்கிவிட்டு, ரீஸ்டார்ட், பிறகு அந்தக் கருவி.

நிரல் போனபின் மிச்ச ஃபோல்டர்கள் இருக்குமிடம் மூன்று: புரோகிராம் ஃபைல்ஸ், புரோகிராம்டேட்டா, அப்புறம் உங்கள் பெயருள்ள ஃபோல்டருக்குள் இருக்கும் ஆப்டேட்டா. பின்னிரண்டும் மறைவாக இருக்கும். எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸைக் காட்டச் சொல்ல வேண்டும். நீக்கிய நிரலின் பெயரிலேயே ஃபோல்டர் இருந்தால் அழிக்கலாம். கம்பெனி பெயரில் இருந்தால் உள்ளே போய்ப் பாருங்கள், அதே கம்பெனியின் வேறு நிரலை நீங்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். சந்தேகம் வந்தால் அழிக்காமல் ஃபோல்டரின் பெயருக்கு முன்னால் ஒரு அடிக்கோடு போட்டு ஒரு வாரம் விட்டுவிடுவேன். யாரும் தேடி வரவில்லை என்றால் அப்புறம் குப்பைக்கு.

ரெஜிஸ்ட்ரி கிளீனர் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும் செத்த வரிகள் சில கிலோபைட்டுகள். அவற்றை அழித்துக் கணினி வேகமானதாக நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தவறான வரி அழிந்து நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். இந்த வகைக் கருவிகளை ஆதரிப்பதில்லை என்பது மைக்ரோசாஃப்டின் கொள்கையும்கூட. பேர்பெற்ற கிளீனர் என்றாலும் கவனம் தேவை: 2017 ஆகஸ்ட், செப்டம்பரில் சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் திருட்டு நிரல் புகுத்தப்பட்டு, அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே சுமார் 22 லட்சம் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆன் செய்ததும் ‘மாட்யூல் கிடைக்கவில்லை’ என்று பெட்டி வருகிறது

ரன்டிஎல்எல் என்ற தலைப்போடு வரும். நிரல் போய்விட்டது, அதை எழுப்பிவிடும் ஆணை மட்டும் போகவில்லை. ஆள் காலி செய்த வீட்டுக்கு தினமும் பால் பாக்கெட் வருகிற மாதிரி. ஆபத்து இல்லை, எரிச்சல்தான்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தினால் டாஸ்க் மேனேஜர். ஸ்டார்ட்டப் பகுதியில் ஐகான் இல்லாமல் வெறும் ‘புரோகிராம்’ என்று ஒரு வரி இருந்தால் பெரும்பாலும் அதுதான், டிசேபிள் செய்யுங்கள். கணினி மெதுவாகத் திறக்கிறது என்பவர்களும் இதே இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

அங்கே இல்லையென்றால், குறித்த நேரத்தில் நிரல்களை ஓடவிடும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றாகத் தேடுவதற்குப் பதில் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸை ஓடவிடுங்கள். முதலில் மெனுவில் மைக்ரோசாஃப்ட் என்ட்ரிகளை மறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பட்டியலைப் பார்த்தே தலை சுற்றும். மஞ்சள் நிறத்தில் தெரிவது, ஃபைல் இல்லாமல் ஆணை மட்டும் மிஞ்சியவை. பெட்டியில் வந்த பெயரோடு பொருந்தும் வரியின் டிக்கை எடுத்துவிடுங்கள். அழிக்க வேண்டாம், டிக் எடுத்தால் போதும். தவறாகிப்போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

தமிழில் அடித்தால் எழுத்து இரண்டிரண்டாக விழுகிறது

நம் வீடுகளுக்கே உரிய நோய் இது. தமிழில் அடிக்க அப்பாவுக்கு அழகி, அண்ணனுக்கு என்எச்எம் ரைட்டர், யாரோ போட்டுவைத்த இ-கலப்பை, போதாததற்கு விண்டோஸின் சொந்தத் தமிழ் விசைப்பலகை. எல்லாம் ஒரே விசையைப் பிடிக்கப் பார்த்தால் புள்ளி காணாமல் போகும், எழுத்து இரட்டிக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். 2019 மே அப்டேட் முதல் தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, புதிதாகப் பழகுபவர்களுக்கு அதுவே போதும்.

நிரல்களை நீக்குங்கள், ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைக் குப்பை என்று நினைத்து அழிக்காதீர்கள். பதினைந்து வருடத்துக்கு முன் அடித்த பத்திரமும் கல்யாணப் பத்திரிகையும் அந்த எழுத்துருவில் இருந்தால், அது போனதும் ஃபைல் முழுக்க ஆங்கில எழுத்துக் குழப்பமாகத் திறக்கும். எழுத்துருவைத் திரும்ப நிறுவினால் சரியாகிவிடும் என்பது பலருக்குத் தெரியாததால், ஃபைல் கெட்டுவிட்டது என்று அதையும் அழித்துவிடுகிறார்கள்.

சுத்தம் செய்தபின் ஏதோ ஒன்று ஓடவில்லை

பதற வேண்டாம். முதலில் ரீசைக்கிள் பின்னைத் திறந்து, அழித்த தேதிப்படி வரிசைப்படுத்தி, சந்தேகமான ஃபோல்டரை ரீஸ்டோர் செய்யுங்கள். அதனால்தான் ஒரு வாரத்துக்கு ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யாதீர்கள் என்று சொல்வேன். அதில் இல்லையென்றால் அந்த ஒரு நிரலை மட்டும் மேலேயே திரும்ப நிறுவிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தொடக்கத்தில் உருவாக்கிய ரீஸ்டோர் பாயின்ட். சொந்த ஃபைல்களை அது தொடாது. நிரல்களையும் அமைப்புகளையும் மட்டும் பின்னுக்குக் கொண்டுபோகும்.

சித்தப்பாவுக்கு அதுவரை போக வேண்டிவரவில்லை. பிரிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்று மறுநாள் கூப்பிட்டார். ஸ்கேனர் ஐகான் எதற்கு என்று அதன் நிரலை நீக்கியிருக்கிறார், பிரிண்டர் டிரைவரும் கூடவே போய்விட்டது. மாடல் நம்பரைப் படிக்கச் சொன்னேன். “இரு தம்பி, கண்ணாடியைக் காணோம்” என்று போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.